அன்ரி வீட்டில் எழுதிய மருந்து

1. கதிரை பிடிக்கும் வேலை

புதிதாக வரும் நர்ஸ் ப்ராக்டிஷனர்களை முதல் நாள் எங்கே உட்கார வைப்பது என்பதிலேயே எங்கள் ஆஸ்பத்திரியில் இழுபறி தொடங்கிவிடும். டொக்டர்களின் அறையில் இடமில்லை என்பார்கள். தாதிகளின் அறைக்குப் போனால், இவை இப்ப பெரிய ஆக்கள், இங்கே என்ன வேலை என்ற பார்வை. மேற்கு சிட்னியில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தப் புதியவர்களைப் பழக்கி எடுப்பதுதான் ஓய்வுபெறும்வரை என் வேலையாக இருந்தது. பெரிய பதவிப் பெயர் ஒன்று தந்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் முதலில் செய்தது ஒரு கதிரை பிடித்துக் கொடுத்ததுதான்.

இந்த நாட்டில் நர்ஸ் ப்ராக்டிஷனர் என்றால், நோயாளியைத் தானே பரிசோதித்து, டெஸ்டும் மருந்தும் எழுத உரிமை பெற்ற தாதி. நானும் அப்படி ஒருத்திதான். அந்த உரிமை சும்மா கிடைப்பதில்லை. பல வருட வார்டு அனுபவம், அதற்கு மேல் மாஸ்டர்ஸ் படிப்பு, அதற்கும் மேல் பதிவுச் சபையின் ஒப்புதல். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சாள், "அங்க அதை ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் எண்டுதானே சொல்லுறது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இல்லை, டொக்டருக்குக் கீழே நின்று வேலை செய்யும் அந்த வகை ஆட்கள் இங்கே மிகக் குறைவு, இது வேறு என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். அவள் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த வருடம் இரண்டு பேர் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தார்கள். கொலின் இங்கிலாந்துக்காரர். நல்ல மனிதர், வாய் மட்டும் மூடாது. மற்றவள் துஷ்யந்தி. எல்லோரும் துஷி என்றுதான் கூப்பிடுவோம். தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து, தம்பியோடு இங்கே வந்து, முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டும் வேலையில் தொடங்கி, படித்துப் படித்து அந்த இடத்துக்கு வந்தவள். அவளுடைய பெயரும் ப்ரிஸ்கிரைபர் நம்பரும் அச்சடித்த ஸ்கிரிப்ட் பேட், மருந்துச் சீட்டுப் புத்தகம், தபாலில் வந்த அன்று, அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்கோ. என்ர பேரைச் சரியா அடிச்சிருக்கிறாங்கள்."

நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பயிற்சி வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மறுத்துப் பேசுவதற்குத்தான் ஒதுக்குவேன். தேவையில்லாத மருந்து கேட்டு வருபவர்களைச் சமாளிக்கத் தெரியாவிட்டால் இந்த வேலைக்கு வரவே கூடாது. நான் முதுகுவலிக்காரனாக நடித்து, வலிக்குளிசை கேட்டு மேசையைத் தட்டுவேன், அழுவேன், உன் பெயரை எழுதி முறைப்பாடு கொடுப்பேன் என்று மிரட்டுவேன். கொலின் இரண்டாவது மிரட்டலிலேயே நெளிந்தார். துஷி அசையவில்லை. முகத்தில் மரியாதை குறையாமல், குரல் உயராமல், ஆங்கிலத்தில் அழகாக மறுத்தாள். நான் கைதட்டிவிட்டேன்.

சொந்தக்காரருக்கும் தெரிந்தவர்களுக்கும் மருந்து எழுதக்கூடாது என்பதும் பயிற்சியில் உண்டுதான். அதற்கு ஒரே ஒரு ஸ்லைட். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வரும். யாரும் கேள்வி கேட்டதில்லை. அவ்வளவு வெளிப்படையான விஷயத்தில் கேட்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போவார்கள். துஷியும் தலையாட்டினாள்.

2. குசினி மேசை

மகேஸ்வரி அன்ரியைத் தெரியாத தமிழர் சிட்னியின் கிரவீன் பக்கம் இல்லை. துஷியும் தம்பியும் வந்து இறங்கிய புதிதில் தன் வீட்டுப் பின்னறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு வருடத்துக்குக் கிட்ட வைத்திருந்து, சோறும் போட்டு, துஷியை வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விட்டு, குளிருக்குத் தன் கோட்டையும் கொடுத்தவர். துஷி அவரை அன்ரி என்று கூப்பிட்டாலும், அம்மா என்று சொல்லும் குரலில்தான் அது வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் துஷி பிறகு என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அன்ரியின் மகன் ரமணன் போன் பண்ணியிருக்கிறான்.

"துஷி, அம்மாக்கு நீர்க்கடுப்பு. ராவெல்லாம் எரிவெண்டு படுக்கேல்லை. எங்கட டொக்டரிட்ட வியாழக்கிழமைதான் இடமிருக்காம். நீ இப்ப எழுதலாம் தானே?"

"அண்ணை, தெரிஞ்ச ஆக்களுக்கு நான் எழுதக்கூடாது. ஏதாவது மெடிக்கல் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் எங்க திறந்திருக்கெண்டு பாத்துச் சொல்லுறன்."

இதுவரைக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அன்ரி போனை வாங்கிவிட்டார்.

"பிள்ளை, உனக்குக் கரைச்சலெண்டால் வேண்டாம். நான் பொறுத்துக்கொள்ளுவன். நீ சாப்பிட்டனியே?"

பயிற்சியில் நான் மிரட்டினேன், கத்தினேன், அழுதேன். உனக்குத் தொந்தரவென்றால் வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்க்கவில்லை. துஷி ஸ்கிரிப்ட் பேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிரவீனுக்குப் போனாள்.

போனபோது அன்ரி தோசை சுட்டு வைத்திருந்தார், காய்ச்சலோடு. துஷி சமையலறை மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தாள். காய்ச்சல் இலேசாக. முதுகில் வலியில்லை. வேறு என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பிரஷர் குளிசைதான் பிள்ளை, வேற விற்றமின்" என்றார் அன்ரி. இன்னொரு தோசை போட்டார்.

எங்கள் பிரிவில் வயதான ஒருவர் வந்தால் மருந்துப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. துஷி அதில் கெட்டிக்காரி. புதிதாக வரும் டொக்டர்களுக்கே அவள் சொல்லிக்கொடுப்பாள், வாயால் சொல்வதை நம்பாதே, பெட்டியைப் பார் என்று. ஆனால் அந்த வீட்டில் அவள் மகள். மகள் போய், மருந்தெல்லாவற்றையும் கொண்டு வந்து கொட்டுங்கோ, நீங்கள் சொல்வதை நான் சரிபார்க்க வேண்டும் என்று எப்படிக் கேட்பாள்? கேட்டிருந்தால் இருதய டொக்டர் கொடுத்த இன்னொரு சின்னக் குளிசை வெளியே வந்திருக்கும். அது, மிஞ்சினால் இருதயத்தையே நிறுத்திவிடும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கும் மருந்து. கால் வீக்கத்துக்குப் போடுவது என்பதால் அன்ரி அதை மருந்துக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. சிறுநீரகம் பலவீனம் என்று போன வருடமே சொல்லியிருந்தார்கள். அதையும் துஷியிடம் சொல்லவில்லை. பிள்ளை கவலைப்படும் என்று நினைத்திருப்பார்.

துஷி மூன்று நாளைக்கு ட்ரைமெத்தோபிரிம் எழுதினாள். நீர்க்கடுப்புக்கு எல்லோரும் எழுதும் சாதாரண மருந்துதான். எழும்பிப் போகும்போது, "அன்ரி, நல்லாத் தண்ணி குடியுங்கோ. இளநீரும் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஆட்களில் நீர்க்கடுப்பென்று யாராவது சொன்னால் அடுத்த வாய்க்கு இளநீர் என்றுதான் வரும். என் வாயிலும் வந்திருக்கும். ரமணன் தமிழ்க் கடையில் ஒரு பெட்டி நிறைய இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான். அன்ரி துஷி சொன்னதைத் தட்டாமல் குடித்தார்.

ட்ரைமெத்தோபிரிமும் பொட்டாசியத்தை ஏற்றும். அன்ரி எடுத்த வகைப் பிரஷர் குளிசையும் ஏற்றும். கால் வீக்கக் குளிசையும் ஏற்றும். இளநீர் நிறையப் பொட்டாசியம். வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் பலவீனம். இதில் ஒன்று தனியாக வந்திருந்தால் அன்ரி இன்றைக்கும் தோசை சுட்டுக்கொண்டிருப்பார்.

மருந்துக்கடையில் பிடிபட்டிருக்க வேண்டும். வழக்கமான கடை ஞாயிறு பூட்டு. ரமணன் வேறொரு கடைக்குப் போனான். அங்கே அம்மாவின் மருந்து விபரம் எதுவும் இல்லை. வேறு மருந்து பாவிக்கிறாவா என்று கேட்டார்கள். பிரஷருக்கு ஏதோ ஒன்று, பெயர் தெரியாது, எங்கள் வீட்டுப் பிள்ளைதான் பார்த்து எழுதினவள் என்று சொல்லியிருக்கிறான்.

3. ரிசஸ்

புதன்கிழமை பகல். ஆம்புலன்ஸில் அன்ரியைக் கொண்டு வந்தார்கள். கைகால் எழும்பவில்லை, நாடி மிக மெதுவாக ஓடியது. நேரே, உயிருக்குப் போராடுபவர்களைப் பார்க்கும் ரிசஸ் அறைக்கு ஏற்றினார்கள். அன்றைக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் ஹேமிஷ், இருதயத்தில் அடைப்பு என்று நினைத்து அந்த வழியில் வேலையைத் தொடங்கியிருந்தார். வயது, பிரஷர், இருதய வருத்தம் எல்லாம் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ரமணன் வாசலில் நின்றான். துஷி அந்த நேரம் பக்கத்துப் பகுதியில் கை முறிந்த ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நோயாளிகளின் பட்டியல் ஓடும் திரையில் அன்ரியின் பெயரைக் கண்டதும் கட்டைக் கொலினிடம் விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்தேன். ரமணன் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

"துஷி, நீ எழுதினதைச் சொல்லாதை. நானும் சொல்லேல்லை. உன்ர வேலை போயிடும். அம்மாக்கு அது தெரிஞ்சால் தாங்கமாட்டா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதையும் எழுதியாக வேண்டும். அவளைத் தங்கச்சி என்று நினைத்துத்தான் சொன்னான்.

துஷி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். இவ்வளவு காலம் படித்தது, அந்த அச்சடித்த பேட், அந்த நம்பர், எல்லாம் அந்த வாசலில் இருந்தது. அவள் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"ஹேமிஷ், நான் ஞாயிற்றுக்கிழமை இவருக்கு ட்ரைமெத்தோபிரிம் எழுதினேன். பிரஷர் மருந்தும் எடுக்கிறார். மூன்று நாளாக இளநீர் குடிக்கிறார். நான்தான் குடிக்கச் சொன்னேன். இது பொட்டாசியம்."

ஹேமிஷ் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தார். இரத்த முடிவு வரும்வரை காத்திருக்காமல், இருதயத்தைக் காப்பதற்குக் கால்சியம் ஊசி கேட்டார். அது ஏறத் தொடங்கும்போதே அன்ரியின் இருதயம் நின்றது. நெஞ்சை அமுக்கினார்கள். திரும்பி வந்தது. துஷியை நான் தோளில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் அழவில்லை. "அக்கா, ரிப்போட் எங்க எழுத வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பதிவுச் சபைக்கு அறிவிப்பது என் கடமை. அவளைத் தப்ப வைக்க வழியிருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளே எழுதி முடித்து, என் அறையில் வைத்து, என் கண் முன்னால் அனுப்பினாள். என்னுடையது அதற்கு அடுத்ததாகப் போனது.

4. செத்தவீடு

அன்ரி ஐசியுவில் கிடந்தார். இயந்திரம் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், பொட்டாசியம் இறங்கியது, ஆனால் மனிதர் எழும்பவில்லை. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. அடுத்த வாரம் அன்ரி இறந்துவிட்டார். துஷியை அப்போதே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் அவள் ஐசியுவுக்கு வேலையாளாக வர முடியாது. வெளி ஆட்களோடு வெளி ஆளாக, பார்வையாளர் நேரத்தில் வந்து கண்ணாடிக்கு அப்பால் நின்றுவிட்டுப் போவாள். நான் அதைப் பார்த்தேன்.

செத்தவீட்டில் மண்டபம் நிறைந்த சனம். துஷி தம்பியோடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். பெண்கள் இருந்த வரிசையில் கதை ஓடியது. காது கேட்கும்படியாகவே ஓடியது.

"மகேஸ்வரி உவளுக்கு உண்ணக் குடுத்ததுக்கு உவள் குடுத்தது உதுதான்."

"டொக்டர் எண்டு நினைப்பு."

ரமணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் நின்றான். வாய் திறக்கவில்லை. துஷி சாப்பாட்டுக்கு நிற்காமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அவளுக்கு இடம்விட்டு எல்லோரும் ஒதுங்கினார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்கமாட்டேன், அது என் குணம். ஆனாலும் சனத்துக்கு நடுவில் வேண்டாம் என்று ரமணனைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரமணன், அவளைக் கூப்பிட்டது நீர். அவள் மாட்டனெண்டு சொன்னதும் உமக்குத் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அக்கா, அவள்தான் அம்மாவைக் கொன்றவள் எண்டு சனம் சொல்லுது. இல்லையெண்டு நான் சொன்னால், அப்ப ஆரெண்டு கேப்பினம். அம்மான்ர பெட்டிக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு அதை நான் எப்பிடிச் சொல்லுவன்?"

திட்டத்தான் போனேன். திட்டாமல் திரும்பி வந்தேன்.

காருக்குத் திரும்பும்போது, எனக்கு நல்லாகத் தெரிந்த ஒருவர், கோயிலில் முன்னுக்கு நிற்கிற ஆள், பின்னால் வந்து கூப்பிட்டார். அன்ரியைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். துஷியைப் பற்றி நிறையக் கதைத்தார். படிப்புப் போதாத பிள்ளைகளுக்கு இந்த உரிமையெல்லாம் கொடுக்கக்கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நீங்கள் அனுபவசாலி. எனக்கு இந்தத் தொண்டை நோ ஒரு கிழமையா நிக்குது. ஒரு அன்டிபயோட்டிக் எழுதித் தாறியளே?"

அந்த மண்டபத்துக்குள் அன்ரியின் பெட்டி இன்னும் மூடப்படவில்லை. அந்த மனிதருக்கு நான் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது.

5. பிறகு

சபையின் தீர்ப்பு வருவதற்கு நீண்ட காலம் எடுத்தது. துஷியின் தாதிப் பதிவு தப்பியது. மருந்து எழுதும் உரிமை போய்விட்டது. தானாகவே முன்வந்து உண்மையைச் சொன்னாள் என்று நல்லபடியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியால் அன்ரியும் வரவில்லை, வேலையும் வரவில்லை. துஷி சிட்னியை விட்டுப் போனாள். இப்போது மெல்பேர்னில் டார்னெய்ட்டில் இருந்துகொண்டு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். தொடங்கிய இடத்துக்கே போய்விட்டாள் என்று நான் போனில் ஒருநாள் வருத்தப்பட்டபோது, இல்லை அக்கா, இப்ப நான் மருந்துகளுக்குப் பொறுப்பு, பையைக் கொட்டாமல் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை என்றாள்.

பயிற்சியில் அந்த ஒற்றை ஸ்லைட்டை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். உங்களால் மறுக்கவே முடியாத ஆள் யார்? பெயரைச் சொல்லச் சொல்லுவேன். பிறகு, பேட் கைக்கு வரும் முன், என் அறையில் இருந்து அந்த ஆளுக்குப் போன் பண்ணி, உங்களுக்கு நான் ஒருநாளும் மருந்து எழுதமாட்டேன் என்று அவர்கள் வீட்டுப் பாஷையில் சொல்ல வேண்டும். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பேன். மாமியாருக்கு நேபாளியில் சொன்ன ஒரு பெண் அழுதுகொண்டு வெளியே வந்தாள். மலையாளி ஒருவர் தன் அப்பாவுக்குச் சொல்வதற்கு அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். இது என்ன கேலிக்கூத்து என்று நிர்வாகத்தில் இருந்து லொரெய்ன் கேட்டார். ஆங்கிலத்தில் மறுக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை லொரெய்ன், தெரியாத ஆளுக்கு மறுப்பதும் பெரிய காரியமில்லை, நமக்குச் சோறு போட்டவருக்கு மறுப்பதைத்தான் பழக வேண்டும் என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது, அதன்பிறகு கேட்கவில்லை.

இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். அன்பு இருக்கும் இடத்தில் கேள்வி கேட்க வராது. கேள்வி கேட்க வராத இடத்தில் மருந்து எழுதக்கூடாது. சட்டம் அதைத்தான் சொல்கிறது, ஆனால் சட்டம் சொல்லும் விதத்தில் அது ஒருவருக்கும் உறைப்பதில்லை.

புதியவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்கிருந்தது. அவள் சம்மதம் இல்லாமல் முடியாது. பெயரை மாற்றிச் சொல்கிறேன் என்று துஷியைக் கேட்டேன்.

"பேரை மாத்தாதேங்கோ அக்கா," என்றாள். "பேரில்லாமல் சொன்னால், ஆரோ ஒரு புத்தியில்லாத மொக்குப் பெட்டை செய்துபோட்டாள் எண்டு நினைச்சுப்போட்டுப் போயிடுவினம். துஷ்யந்தி எண்டு சொல்லுங்கோ. மறுக்கிற பயிற்சியில நீங்கள் கைதட்டின ஆள் எண்டும் சொல்லுங்கோ."

ஓய்வுபெறும்வரை அப்படித்தான் சொன்னேன்.